சிமென்ட் போடாத முற்றம்

யாசென் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். படுக்கையின் இடது பக்கத்தை மட்டும் தட்டிச் சரிசெய்தான்; வலது பக்கம் கலைந்திருக்கவில்லை. செம்புக் கிண்ணத்தில் ஒரு ஆளுக்குக் காபி பொங்க வைத்து, நின்றபடியே குடித்தான். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். படியிறங்கி, கீழ்வீட்டுக் கதவின் கொக்கியில் மாமனாருக்கான ரொட்டிப் பையை மாட்டினான். ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனான்.

கொட்டகையில் பதினாறு மரப்பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பழைய ஜன்னல் கண்ணாடி. கண்ணாடியை ஒவ்வொன்றாகத் தூக்கி, உள்பக்கம் பூத்திருந்த ஈரத்தைத் துணியால் துடைத்தான். பெட்டிக்குள் ஆற்றுமணல். மணலில் வரிசை வரிசையாக விரல் நீளத் தண்டுகள். பெட்டிக்கு ஒன்றாகப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தான். கையோடு வந்தால் வேர் இல்லை. இழுத்தும் வராமல் மண் பிடித்துக்கொண்டால் வேர்விட்டாயிற்று. அன்று காலை பதினாறு பெட்டியில் பதினொன்று பிடித்துக்கொண்டன. ஒரு நோட்டில் அதைக் குறித்துவைத்துவிட்டு, காரை எடுக்காமல் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து நில அளவை அலுவலகத்துக்குப் போனான்.

ஏப்ரல் முழுக்க இப்படித்தான் விடிந்தது. அவனுக்குத் தேவை தொள்ளாயிரம் நாற்று. தெருக்கதவிலிருந்து வீட்டுப் படிவரை நீளம் பன்னிரண்டு மீட்டர், அகலம் மூன்று. ஒரு சாணுக்கு ஒன்று வைத்தால் தொள்ளாயிரம். நிலத்தை அளப்பதுதான் அவன் தொழில். கணக்கில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. செடியிலும் இல்லை. சந்தேகமெல்லாம் மாமனார் பனயோத்துக்குத்தான்.

பனயோத் நாற்பது வருஷம் கொத்தனாராக இருந்தவர். அந்த வீட்டை அவர் கையாலேயே கட்டியவர். படிக்கட்டு, கிணற்றடி, திராட்சைப் பந்தலின் கால்கள், வாதுமை மரத்தைச் சுற்றி வட்டம் என்று கண்ட இடத்திலெல்லாம் கலவை போட்டுவிட்டார். மிச்சம் இருந்தது முன்முற்றம் ஒன்றுதான். மழை பெய்தால் அது கணுக்கால் வரை சேறாகிவிடும். அதற்கும் தளம் போட்டுவிட வேண்டும் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் பிலியானா விடவில்லை. மலைச்சரிவுப் பாறையிலிருந்து தரையோடு படரும் தைம் செடி மூன்றைக் கொண்டுவந்து படியோரம் நட்டாள். ஓமத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு வாசனை அதற்கு. முற்றம் முழுக்க அதைப் படரவிடப் போவதாகச் சொன்னாள். சொன்ன வருஷமே, அக்டோபர் பதினொன்றாம் தேதி, நகரத்து ஆஸ்பத்திரியில் இதயம் நின்று செத்துப்போனாள். முப்பத்தொரு வயது. யாசென் அவளைவிட ஒரு வயது மூத்தவன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பனயோத் முற்றத்தில் முளை அடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என்ன வேலை என்று யாசென் கேட்டான். ஓராண்டு நினைவுநாளுக்குக் கல்லறைக்குப் போய்விட்டு நாற்பது பேர் சாப்பிட வருவார்கள், மேஜை போட வேண்டும், மகளுடைய சாப்பாட்டுக்கு வருகிறவர்களைச் சேற்றில் நிறுத்த முடியாது என்றார். அக்கா மகனிடம் கலவை லாரி இருக்கிறது, ஒரு காலை வேலை என்றார். பிலியானாவுக்கு அதில் இஷ்டமில்லையே என்று யாசென் சொல்லிப் பார்த்தான்.

பனயோத் கயிற்றை இழுத்து முடிந்தார். அவள் ஆயிரம் ஆசைப்பட்டாள், அந்த ஆயிரத்தையும் செய்ய இனி யாருக்கு நேரம் இருக்கிறது என்றார். குரலில் கோபம் இல்லை.

அப்போதுதான் யாசென் அந்தப் பொய்யைச் சொன்னான். யோசித்துச் சொல்லவில்லை.

"அவ கடைசியா சொன்னதே அதுதான் மாமா. முற்றத்துல சிமென்ட் போடாதீங்கன்னு."

பனயோத் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். மகள் சாகும்போது அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். ஒரு மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தார். கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று அவர் மருமகனைக் கேட்டதே இல்லை. இவனும் சொன்னதில்லை.

அவர் முளைகளைப் பிடுங்கினார். கயிற்றைச் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு தன் மனசுக்கும் ஒரு வழி விட்டுவைக்க வேண்டுமே என்று, ஒரு நிபந்தனை வைத்தார்.

"நினைவு நாளுக்கு முந்துன நாள் காலைல வெள்ளக் காலுறை போட்டுக்கிட்டு கேட்டுல இருந்து படி வரைக்கும் நடப்பேன். மண்ணு ஒட்டலன்னா உன் செடி இருக்கட்டும். ஒட்டுச்சுன்னா லாரி தெருமுனையில நிக்கும். சரியா மாப்ள?"

"சரி."

"மழை பேஞ்சிருந்தாலும் நடப்பேன்."

"நடங்க."

மூன்று தாய்ச்செடியிலிருந்து தொள்ளாயிரம் எடுப்பது அவசரப்பட்டால் நடக்காது. யாசென் அவசரப்படவில்லை. பூ வைப்பதற்கு முன்பே, இன்னும் விறைக்காத இளம் நுனிகளை வெட்டி எடுத்தான். அடி இலைகளை உருவிவிட்டு மணலில் ஊன்றினான். தாய்ச்செடியைச் சுற்றி வெளியே ஓடிய நீளத் தண்டுகளை வெட்டாமல் அங்கேயே பதியம் போட்டான். கணுவைத் தரையோடு அழுத்தி, வளைத்த கம்பியால் கொக்கி மாட்டி, மேலே ஒரு சிட்டிகை மண். மூன்று வாரத்தில் ஒவ்வொரு கணுவும் தனக்கென்று ஒரு வேர்க்கற்றையை இறக்கிவிடும். அதற்குப் பிறகு தாயிடமிருந்து அறுத்துவிடலாம். கம்பிக் கொக்கிகளை வளைத்துக் கொடுத்தது பனயோத். கொட்டகை வாசலில் ஒரு டப்பா நிறைய வைத்துவிட்டுப் போனார். எண்ணிப் பார்த்தான், இருநூற்று நாற்பது. எல்லாம் ஒரே நீளம்.

அப்படியும் முந்நூறு குறைந்தது.

அந்த முந்நூறு பக்கத்து வீட்டு சோன்கா அக்காவிடம் இருந்தது. போன வருஷம் பிலியானா அவளுக்குக் கொடுத்த இரண்டு பிடி செடி, வேலியோரம் ஒரு கட்டில் அகலத்துக்குப் படர்ந்து கிடந்தது. சோன்கா அறுபதைத் தாண்டியவள். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் யார் வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தது என்பதை இன்னும் மறக்காதவள். யாசென் போய்க் கேட்டதும் மண்வெட்டியை எடுத்து ஒரு பெரிய பாளத்தை அவளே வெட்டி, கூடையில் வைத்து, வேலிக்கு மேலாக நீட்டினாள். யாசென் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான்.

சோன்கா கூடையை அவன் கையிலிருந்து திரும்பப் பிடுங்கினாள்.

தலைநகரத்தில் ஐந்தாவது மாடியில் வளர்ந்தவன் அவன். கொடுத்த செடிக்கு நன்றி சொன்னால் அது வேர் பிடிக்காது என்பது இந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். படித்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று சோன்கா தலையில் அடித்துக்கொண்டாள். இனி இந்தப் பாளம் உனக்கு ஆகாது, இதைத் திரும்ப நட வேண்டியதுதான் என்றாள். நட்டும்விட்டாள். அதற்கு மேலே தண்ணீரும் ஊற்றினாள்.

அவன் வேறு வழி உண்டா என்று கேட்டான். உண்டு என்றாள். கொடுத்த செடியைவிடத் திருடின செடிதான் நன்றாகப் பிடிக்கும். ஆனால் திருட்டு திருட்டாக இருக்க வேண்டும். நாளைச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தான் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு பயறு பொறுக்கப் போவதாகவும், தனக்குக் காது மந்தம் என்றும் சொன்னாள். அவளுக்குக் காது மந்தம் இல்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு யாசென் வேலியைத் தாண்டினான். பனயோத் தானாகவே தெருவில் போய் நின்றுகொண்டார். யாராவது வந்தால் இருமுவதாக ஏற்பாடு. சோன்கா மடியில் தட்டை வைத்துப் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். யாசென் மண்டியிட்டு, மண்கரண்டியால் பாளம் பாளமாக எடுத்துச் சாக்கில் வைத்தான். நாலைந்து பாளம் ஆனதும் சோன்கா திரும்பாமலே, காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

"திருடன் கொஞ்சம் தெக்கால தள்ளித் தோண்டுனா வேர் நெருக்கமா இருக்கும்."

அவன் தெற்கே தள்ளித் தோண்டினான்.

"குழாயடியில தரைப் புதினாவும் கெடக்கு. திருடனுக்கு வேணுமோ என்னமோ."

"அது வேண்டாம்."

"திருடன் பேசப்படாது."

தெருவில் பனயோத் இருமினார். பால்காரன் சைக்கிள். யாசென் சாக்கோடு வேலிக்குப் பின்னால் குனிந்தான். சைக்கிளை நிறுத்தி என்ன சமாச்சாரம் என்று பால்காரன் விசாரித்தான். பனயோத் நெஞ்சைத் தடவிக்கொண்டு சளி என்றார். பால்காரன் அரை மணி நேரம் சளிக்கு வைத்தியம் சொன்னான். பனயோத் அந்த அரை மணி நேரமும் இருமிக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரி அவருக்கு நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது.

அந்தப் பாளங்களைப் பிரித்ததில் முந்நூற்று அறுபது நாற்று கிடைத்தது.

மே மாதம் முதல் வாரம் நடவு. முற்றத்துச் சேற்றை ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறி, பொடிக்கல் இரண்டு டிராக்டர் கலந்து, மட்டம் பார்த்துச் சரித்தான். படியிலிருந்து தெருப்பக்கம் தண்ணீர் ஓட வேண்டும். மட்டம் பார்க்கும் வேலை பனயோத்துடையது. அவர் தன் பழைய ரசமட்டப் பலகையைக் கொண்டுவந்து, மருமகனின் அளவைக் கருவி சொன்னதைவிட ஒரு விரல் அதிகச் சரிவு வேண்டும் என்று அடம்பிடித்து, அப்படியே வாங்கினார். நட்டு முடிக்க நான்கு நாள் ஆயிற்று. தொள்ளாயிரம் நாற்றும் மண்ணில் தொள்ளாயிரம் பொத்தான் மாதிரி கிடந்தன. நடுவே எல்லாம் வெறும் மண்.

பனயோத் படியில் நின்று பார்த்தார். மொட்டைத் தலையில் பத்து முடி முளைத்தமாதிரி இருக்கிறது என்றார். அக்டோபருக்கு மூடிவிடும் என்று யாசென் சொன்னான். மூடும் என்று நம்புகிறேன் என்று சொல்லவில்லை. மூடும் என்றான்.

ஜூனில் பூத்தது. பூவை வைத்துக்கொண்டிருந்தால் செடி படராது. யாசென் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கத்தரியால் பூவை எல்லாம் வெட்டித் தள்ளினான். வந்த தேனீக்கள் ஏமாந்து சோன்கா வீட்டுப் பக்கம் போயின. வெட்டியதும் பக்கவாட்டில் தண்டுகள் ஓட ஆரம்பித்தன. தினமும் காலையில் ஒரு முழங்காலில் உட்கார்ந்து களை பிடுங்கினான். எந்தத் தண்டு ஓடுகிறதோ அதன் கணுவைப் பெருவிரலால் மண்ணோடு அழுத்திவிட்டு நகர்ந்தான். பன்னிரண்டு மீட்டருக்கு ஐம்பது நிமிஷம். ஜூன் கடைசியில் பொத்தான்கள் தட்டுகளாகின. யாரும் அவனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்காத ஒரே நேரம் அந்த ஐம்பது நிமிஷம்தான்.

ஊரில் பனயோத்துக்குத்தான் பாடு. காப்பிக்கடையில் அவருடைய பழைய கூட்டாளிகள், கொத்தனார்கள், பெயின்ட்காரர்கள், எல்லாரும் சேர்ந்து கேலி பண்ணினார்கள். கொத்தனார் வீட்டு வாசலில் ஆடு மேய்க்கலாம் என்றார்கள். அவர் பதிலுக்கு எல்லாரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னார். மகள் கடைசியாகக் கேட்டது இது ஒன்றுதான். அதற்குப் பிறகு யாரும் கேலி பண்ணவில்லை. சிலர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்கள். இதைச் சோன்கா யாசெனிடம் சொன்னாள். யாசென் களை பிடுங்கிக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் கேட்டுக்கொண்டான்.

ஜூலையில் புதுச் சாலை ஒன்றுக்கு அளவெடுக்க அவனை வடக்கே ஒன்பது நாள் அனுப்பினார்கள். வெயில் நாற்பது டிகிரி. போகும்போது மாமனாரிடம் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். தைம் வெயிலைத் தாங்கும், தண்ணீரைத்தான் தாங்காது. பனயோத் தலையாட்டினார். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தக்காளி வளர்த்த மனுஷன் அவர். வெயிலில் ஒரு இலை சோர்ந்தால் அவருக்குக் கை நிற்காது. ஒன்பது நாளும் சாயங்காலம் ஓஸ் பைப்பைப் பிடித்தார்.

திரும்பி வந்தபோது முற்றத்துக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கதவு அகலத்துக்குச் செடி கறுத்துக் கிடந்தது. இழுத்தால் சேறு மாதிரி கையோடு வந்தது. அழுகல் நாற்றம்.

பனயோத் படியில் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார். வாடுகிறதே என்று பார்த்ததாகச் சொன்னார். கொஞ்சம்தான் ஊற்றியதாகச் சொன்னார். பிறகு அதுவும் பொய், நிறைய ஊற்றினேன் என்றார்.

"அவ கேட்டது இது ஒண்ணுதான். அதுவும் என் கையில செத்துடக் கூடாதேன்னு பாத்தேன்."

 யாசெனுக்கு அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிட வாய்வரை வந்தது. சொன்னால் கிழவரிடம் அந்த ஒன்றும் இருக்காது என்று தோன்றியது. கையிலிருந்த அழுகல் தண்டைத் தூர எறிந்துவிட்டு, குழாயடியில் எப்படியும் ஈரம் நிற்கும், அங்கே தைம் வைத்தது தன் தப்புத்தான் என்றான். அது உண்மையும்கூட. குழாய் சொட்டுகிற இடத்துக்கு என்ன வேண்டும் என்பதும் தெரிந்துதான் இருந்தது. அன்று சாயங்காலமே சோன்கா வீட்டு வேலியைத் தாண்டித் தரைப் புதினாவைத் திருடினான். சோன்கா முதுகைக் காட்டிக்கொண்டு, வேண்டாம் என்று சொன்ன திருடன் திரும்ப வந்திருக்கிறான் போல என்று பூனையிடம் சொன்னாள்.

தரைப் புதினாவுக்குப் பதியம்கூட வேண்டாம். தண்டைத் துண்டு துண்டாக வெட்டி ஈர மண்ணில் கிடத்தி மிதித்துவிட்டால் போதும். கணுவுக்குக் கணு வேர் போடும். இருபது நாளில் கறுத்த இடம் பச்சையாயிற்று. பனயோத் ஓஸ் பைப்பைச் சுருட்டிப் பூட்டிச் சாவியை மருமகனிடம் கொடுத்துவிட்டார்.

செப்டம்பர் கடைசியில் யாசென் முற்றத்தில் ஒரு சதுர மரச்சட்டத்தை வைத்து, மீட்டருக்கு மீட்டர் எத்தனை இடைவெளி தெரிகிறது என்று பார்த்தான். நூற்றுக்கு நாலு பங்குதான் வெறும் மண். அந்த இடைவெளிகளிலும் பக்கத்துத் தண்டை இழுத்துப் பதித்தான். அவன் மனசில் கணக்கு முடிந்துவிட்டது. மழை வந்தாலும் தாங்கும்.

அந்த வாரம்தான் நினைவுத்தாள் அச்சடிக்கப் போனார்கள். செத்தவர் படத்தைப் போட்டு, நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, ஓராண்டுக்கு ஒன்று என்று தாள் அடித்துத் தெருக்கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் கோயில் வாசலிலும் ஒட்டுவது வழக்கம். முதல் இரண்டையும் யாசென் எழுதினான். பெயர், தேதி, மறக்க மாட்டோம். இந்த முறை தான் எழுதுவதாகப் பனயோத் சொல்லிவிட்டார். அச்சகத்துப் பெண், மாதிரித் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் இருந்தது: 'முற்றத்தில் சிமென்ட் போடாதீர்கள் என்பதே எங்கள் மகளின் கடைசிச் சொல். அப்படியே செய்தோம்.' ஐம்பது பிரதி.

யாசென் அதை இரண்டு தடவை படித்தான். அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மாமனாரை வெளியே கூட்டிப்போனான். அச்சகத்துக்கு எதிரே செருப்புக்கடை. அதன் வாசலில் இருவரும் நின்றார்கள்.

"மாமா, அவ அதச் சொல்லல."

"எத?"

"சிமென்ட் பத்தி. அது நானாச் சொன்னது. நீங்க கயிறு கட்டிட்டீங்க, எனக்கு வேற வழி தெரியல."

பனயோத் கையில் மாதிரித் தாள் இருந்தது. அதை நான்காக மடித்தார். மடிப்பை நகத்தால் அழுத்தினார்.

"எத்தன பேர்ட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"என் அக்காகிட்ட சொன்னேன். அவ அழுதா. பாதிரியார்ட்ட சொன்னேன். கல்லறையில போய் அவகிட்டயே சொன்னேன், நீ சொன்னபடியே செய்றேம்மான்னு."

யாசென் மன்னிப்புக் கேட்டான். அது போதாது என்று அவனுக்கே தெரிந்தது. செடியின் மேல் அவளுக்கு ஆசை இருந்தது நிஜம்தான் என்றான். பனயோத் அது தனக்கும் தெரியும் என்றார். அதற்காக நீ அவள் வாயில் வார்த்தையைத் திணிக்கலாமா என்றார். பிறகு உள்ளே போய், அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். பெயரும் தேதியும் இருந்தால் போதும் என்றார்.

பஸ்ஸில் இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தெருக்கதவருகிலேயே நின்று பனயோத் அக்கா மகனுக்குப் போன் போட்டார். பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு லாரி தெருமுனையில் நிற்க வேண்டும் என்றார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு மருமகனைப் பார்த்தார்.

"மார்ச் மாசம் அவ சொன்னாளேன்னுதான் விட்டேன். இப்ப அது கெடயாது. செடி தன் கால்ல நிக்கட்டும். எட்டு மணிக்கு நடப்பேன்."

"நடங்க மாமா."

"கறைன்னா கறைதான்."

"சரி."

அதற்குப் பிறகு பத்தாம் தேதிவரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ரொட்டிப் பையைக் கொக்கியில் மாட்டுவது நிற்கவில்லை. எட்டாம் தேதி மதியம் மழை பிடித்தது. ஒன்பதாம் தேதி முழுக்கப் பெய்தது. தெருவில் சாக்கடை நிரம்பி வழிந்தது. யாசென் மாடி ஜன்னலிலிருந்து முற்றத்தைப் பார்த்தான். தண்ணீர் பச்சைக்கு அடியில் புகுந்து, பனயோத் அடம்பிடித்து வாங்கிய சரிவில் ஓடித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கும் தேங்கவில்லை. அவன் போய்ப் படுத்தான். தூங்கினான்.

காலையில் மழை விட்டிருந்தது. எட்டு மணிக்குப் பனயோத் நினைவுநாளுக்கு வைத்திருந்த கறுப்புக் கால்சட்டையோடு வந்தார். தெருக்கதவடியில் செருப்பைக் கழற்றினார். கம்பளி நூலில் பின்னிய வெள்ளைக் காலுறை. சோன்கா காப்பிக் கோப்பையோடு வேலிக்கு வந்துவிட்டாள். சாட்சி ஒரு ஆள் வேண்டாமா என்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

பனயோத் நடந்தார். சும்மா நடக்கவில்லை. புதுத்தளம் இறுகியிருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி, ஒவ்வொரு அடியிலும் குதிகாலை ஊன்றித் திருகினார். எங்கே இடைவெளி இருக்கும் என்று தேடித் தேடி அங்கே வைத்தார். நடுவில் ஓரிடத்தில் ஒற்றைக்காலில் நின்றார். குழாயடிக்கு வேண்டுமென்றே ஒதுங்கிப் போய், தரைப் புதினாமேல் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, முன்னும் பின்னும் ஆடினார். தண்ணீர் பிதுங்கியது. யாசென் படியில் நின்றிருந்தான். கைகள் பைக்குள் இருந்தன. அவனுக்குப் பயமாக இல்லை.

படிக்கு வந்ததும் பனயோத் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுப் பார்த்தார். காலுறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சின்னச் சின்ன இலைகள் ஒட்டியிருந்தன. குதிகாலில் பச்சைச் சாயம். மண் இல்லை. மற்றக் காலையும் பார்த்தார். விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தார். காலுறையைக் கழற்றிப் பிழிந்தார். பச்சைத் தண்ணீர்தான் வந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

"அண்ணே, நாப்பது வருஷத்துல உங்க காலுறை இன்னிக்குத்தான் மணக்குது," என்றாள் சோன்கா.

பனயோத் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனை எடுத்தார். அக்கா மகனிடம் லாரி வேண்டாம், கிளம்பாதே என்றார். அந்தப் பக்கம் என்னவோ கேட்டான். யாரும் சாகும்போது கேட்டதற்காக இல்லை, மண் ஒட்டவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லி வைத்தார்.

நாளைக்கு மேஜைகளை எப்படிப் போடுவது என்று யோசிக்க வேண்டும் என்றார். கால்களுக்கு அடியில் பலகை வைத்தால் செடி நசுங்காது என்று யாசென் சொன்னான். பலகை இருக்கிறது என்றார். சோன்கா கோப்பையைக் கழுவ உள்ளே போனாள்.

பனயோத் ஈரக் காலுறைகளைப் படி ஓரத்தில் விரித்துப் போட்டார். வெறுங்காலைச் செடிமேல் வைத்துக்கொண்டார். மருமகனுக்குப் பக்கத்தில் இடம் விட்டார். யாசென் உட்கார்ந்தான்.

"சரி, இப்பச் சொல்லு. நெசமா என்ன சொன்னா?"

யாசென் இதை யாரிடமும் சொன்னதில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை மாமா என்றான். பெரிதாக வேண்டாம், அவள் சொன்னதைச் சொல் என்றார் பனயோத். மதியம் பன்னிரண்டரை மணி, ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி என்று யாசென் ஆரம்பித்தான். தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்திருந்தாள். காலையில் இருந்ததைவிட முகம் தெளிவாக இருந்தது. பாதி ஆப்பிள் தின்றிருந்தாள். ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்க்கச் சொன்னாள். பார்த்தான். பிறகு ஒரு விஷயம் சொன்னாள், அவனும் சரி என்று மாடியிறங்கிப் போனான். போய்வர இருபது நிமிஷம். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

 யாசென் அவள் சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே சொன்னான்.

"கார எங்க விட்டிருக்க, அந்தக் கேட்டு முன்னாடியா? போய்த் தள்ளி நிறுத்துப்பா, தூக்கிட்டுப் போயிடப் போறாங்க."